ஒரே மென்மரத்தில் ஒரு கிதார்

ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரிலுள்ள இசைக்கருவிக் காட்சிசாலையில் விசித்திரமான கிதார் ஒன்று இருக்கிறது. அதன் மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. ஆனால் முதுகும் விலாப்புறங்களும் மரத்தால் ஆனவை அல்ல. அவை வெறும் காகித அட்டை. இதனை 1862-ஆம் ஆண்டில் செய்தவர் அந்தோனியோ தெ தோர்ரெஸ். இன்று உலகெங்கும் வழங்கும் கிதாரின் அளவையும் வடிவத்தையும் நிலைநிறுத்தியவர் அவரே. கருவியின் ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்பதை நிரூபிப்பதற்காகவே அவர் இதைச் செய்தார். ஒலியின் பெரும்பகுதி மேற்பலகையிலிருந்தே வருகிறது என்பது அவருடைய கொள்கை.

அவர் எழுப்பிய வினாவை மற்றொரு வகையாகவும் கேட்கலாம். அட்டை முதுகே போதுமானால், மேற்பலகைக்கு உபயோகிக்கும் மென்மரத்தையே முதுகுக்கும் விலாவுக்கும் தண்டிக்கும் உபயோகித்தால் என்ன? தொலைதேசத்து விலையுயர்ந்த மரங்கள் ஏதுமின்றி, ஒரே மரத்திலிருந்து முழுக் கருவியையும் கையாலேயே செய்ய இயலுமா? இக்கேள்வி கைவினைஞரின் பொழுதுபோக்கு மட்டும் அன்று. காடுகளின் பாதுகாப்பும், மரத்தைப் பற்றிய விஞ்ஞானமும் இதில் ஒருங்கே சம்பந்தப்பட்டுள்ளன.

மென்மரம் என்பது எது?

மென்மரம், வன்மரம் என்னும் பாகுபாடு தொட்டுப் பார்த்து அறியும் மென்மையையோ கடினத்தையோ பொறுத்ததன்று. அது தாவரவியல் பாகுபாடு. ஊசியிலை மரங்களின் தடி மென்மரம் எனப்படும். அகன்ற இலை மரங்களின் தடி வன்மரம் எனப்படும். கைவிரலால் அழுத்தினாலே பள்ளம் விழும் பால்சா மரம் இப்பாகுபாட்டின்படி வன்மரம். வில் செய்வதற்கும், ஐரோப்பாவின் பழைய லூட் கருவிகளின் முதுகுப்புறம் செய்வதற்கும் உதவிய உறுதியான யூ மரமோ மென்மரம்.

மென்மரத்தின் உள்ளமைப்பு எளிமையானது. நீரைக் கடத்துவதும் மரத்தைத் தாங்குவதுமாகிய இரு வேலைகளையும் சுமார் 3 மி.மீ. நீளமுள்ள நுண்குழாய்களே செய்கின்றன. இவை மரத்தின் நெடுக்கில், வைக்கோலை அடுக்கியது போல நெருங்கி நிற்கின்றன. வளர்பருவத்தின் தொடக்கத்தில் உண்டாகும் குழாய்கள் மெல்லிய சுவரும் அகன்ற உள்வெளியும் கொண்டவை. பருவத்தின் இறுதியில் உண்டாகுபவை தடித்த சுவர் உடையவை. இவ்விரண்டும் மாறி மாறி அமைவதால் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நெடுக்கில் விறைப்பும், மொத்தத்தில் இலேசும் ஒருசேர அமைந்த இந்தக் கட்டமைப்பே இசைக்கருவிக்கு வேண்டியது.

இந்தியாவில் ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் இமயமலைச் சாரலிலேயே வளர்கின்றன. தேவதாரு, ஸ்ப்ரூஸ், வெள்ளி ஃபர், கைல், சீர் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தீபகற்பப் பகுதியில் இயற்கையாக வளரும் ஊசியிலை வகை மரம் ஒன்றே ஒன்றுதான். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் அருகிக் காணப்படுகிறது. இக்கட்டுரையில் தேவதாரு என்று குறிப்பது இமயத்து மரத்தையே. தமிழ்நாட்டு வறண்ட காடுகளில் தேவதாரம் என்று வழங்கும் சிறுமரம் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இக்கேள்வி ஏன் எழுந்தது?

கிதாரின் முதுகுக்கும் விலாவுக்கும் நெடுங்காலமாகச் சிறந்ததெனக் கருதப்பட்டது பிரேசில் நாட்டு ஈட்டி மரம். அது அரிதாகவே, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. ஏனைய தயாரிப்பாளர் பலரும் அவ்வழியே சென்றனர். இவ்வாறு தென்னிந்தியக் காடுகளின் ஈட்டி, உலகத்துக் கிதார்களின் முதுகாயிற்று. பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வர்த்தகம் 1992-இல் தடைசெய்யப்பட்டது. 2017 ஜனவரி 2 முதல் ஈட்டிப் பேரினம் முழுவதும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. முற்றுப்பெற்ற இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் மரத்தின்மீதுள்ள கட்டுப்பாடு நீடிக்கிறது.

ஈட்டியின்றி நல்ல ஒலி பிறவாது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா? 1995-இல் அமெரிக்காவின் டெய்லர் நிறுவனத்தார் சரக்கு ஏற்றும் பழைய பலகைத் தட்டுகளைப் பிரித்து, அம்மரத்தாலேயே ஒரு கிதார் செய்து பொருட்காட்சியில் வைத்தனர். அது நன்றாகவே ஒலித்தது. 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் இதனை முறையான பரிசோதனைக்கு உட்படுத்தினர். மேற்பலகையும் அமைப்பும் ஒன்றாகவே இருந்து, முதுகும் விலாவும் மட்டும் வெவ்வேறு மரங்களாலான ஆறு கிதார்கள் செய்விக்கப்பட்டன. மங்கிய ஒளியில், மரம் எதுவென்று காண இயலாதபடி கண்ணாடி அணிவித்து, 52 பேரை அவற்றை வாசிக்கச் செய்தனர். பிரேசில் ஈட்டியும் மலிவான மரங்களும் ஒலித்தர மதிப்பீட்டில் ஏறத்தாழ ஒரே இடத்தைப் பெற்றன. அந்த ஆறும் வன்மரங்களே. மென்மர முதுகு அவற்றுள் இல்லை. ஆயினும் முதுகு மரத்தின் பெயரைவிட அமைப்பு முறையே முக்கியம் என்பது இதனால் தெளிவாகிறது.

மென்மர முதுகுக்குச் சான்று ஸ்பெயினிலேயே இருக்கிறது. அந்நாட்டின் தென்பகுதியில் ஃப்ளமெங்கோ இசைக்கு வழங்கும் கிதாரின் முதுகும் விலாவும் சைப்ரஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனவை. உள்ளூரில் மலிவாகக் கிடைத்த மரம் என்பதே அது வழக்கத்துக்கு வந்ததன் காரணங்களுள் ஒன்று. பாரம் குறைந்த அக்கருவியின் ஒலி, தட்டியவுடன் வெடித்தெழுந்து விரைவில் அடங்கும். ஆடலுக்குத் தாளம் காட்ட அதுவே ஏற்றதாயிற்று. வறுமையால் வந்த மரம் ஓர் இசை மரபின் குரலாகவே நிலைத்துவிட்டது.

இந்தியாவுக்கும் இவ்விஷயம் அந்நியமானதன்று. பிரிஜ்பூஷண் காப்ரா கிதாரை ஹிந்துஸ்தானி இசைக்கு உரியதாக்கினார். விஸ்வமோகன் பட் அதனை மேலும் மாற்றியமைத்து மோகன வீணை என்ற பெயரில் வாசித்து, 1994-இல் கிராமி பரிசு பெற்றார்.

இலேசும் விறைப்பும்

தந்தி மிக மெல்லியது. அது அதிரும்போது காற்றை அறுத்துச் செல்லுமேயன்றி, காற்றைத் தள்ளாது. குதிரை வழியாக அதன் அதிர்வு மேற்பலகைக்குச் சென்று, அகன்ற அப்பலகை காற்றைத் தள்ளும்போதே ஒலி செவிக்கு எட்டுகிறது. ஆகவே பலகை இலேசாக இருக்கவேண்டும். தந்தியின் இழுவிசையைத் தாங்க விறைப்பாகவும் இருக்கவேண்டும்.

மரத்தினுள் ஒலி செல்லும் வேகத்தை அதன் அடர்த்தியால் வகுத்தால் கிடைக்கும் எண் இவ்விரு குணங்களையும் ஒருங்கே காட்டும். நல்ல ஸ்ப்ரூஸ் பலகையின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 400 கிலோகிராம். அதில் நெடுக்குவாட்டில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 5,200 மீட்டர். ஆகவே அந்த எண் 13. ஈட்டி மரத்துக்கு இது 5-க்கும் குறைவு. தேவதாருவின் அடர்த்தி சுமார் 550. ஒலி வேகம் 4,100 முதல் 4,500 வரை கொள்ளலாம். எண் 7 அல்லது 8 ஆகும்.

இதன் பொருள் யாதெனில், ஒரே விறைப்புள்ள மேற்பலகையை ஸ்ப்ரூஸில் செய்தால் 140 கிராம் நிறையும், தேவதாருவில் செய்தால் 200 கிராம் அளவும் இருக்கும். அந்த 60 கிராமே கைவினைஞர் எதிர்கொள்ளும் முதல் சவால். தேவதாரு கிதார் ஸ்ப்ரூஸ் கிதாரின் உரத்த குரலை எட்டாது. இதனை மறைப்பதில் பயனில்லை. ஆனால் முதுகையும் விலாவையும் பொறுத்தவரை, ஸ்பெயினின் சைப்ரஸுக்கும் தேவதாருவுக்கும் அடர்த்தியில் பெரிய வேறுபாடு இல்லை. ஒலியின் உரமே முதன்மையெனக் கருதுபவர், இதைவிடப் பாரம் குறைந்த இமயமலை ஸ்ப்ரூஸைத் தேர்ந்தெடுக்கலாம். பூச்சி அரிக்காமையும், நீண்ட ஆயுளும், நறுமணமும் வேண்டுவோர்க்குத் தேவதாருவே உகந்தது.

மரம் எங்கே கிடைக்கும்?

ரயில் பாதைகள் அமைக்கப்பட்ட காலத்தில் இமயத்துத் தேவதாருக் காடுகள் தண்டவாளக் கட்டைகளுக்காகப் பெருமளவில் வெட்டப்பட்டன. அந்நாளின் அனுபவத்தை மறந்து, கிதார் செய்வதற்கென மீண்டும் கோடரியை எடுப்பது பொருந்தாது. உத்தராகண்டப் பகுதியில் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் பச்சை மரம் வெட்டுவது 1981 முதல் தடுக்கப்பட்டது.

ஆகவே இதற்கு உரிய மரம் பழைய மரமே. மலைநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தேவதாரு உத்தரங்களும் கதவுச் சட்டங்களும் பல பத்தாண்டுகளாக உலர்ந்தவை. அவற்றில் ஆணித்துளைகளும் புகைக்கறையும் இருக்கலாம். ஆனால் உள்ளே மரம் நிலைத்த ஈரப்பதத்துடன் அமைதியாக இருக்கும். ஒரு கிதாருக்குத் தேவைப்படுவது ஓர் உத்தரத்தின் சிறு பகுதியே. அறுக்குமுன் உலோகம் காட்டும் கருவியாலோ காந்தத்தாலோ ஆணிகளைத் தேடி அகற்றவேண்டும். மறந்துவிட்ட ஓர் ஆணி, வாள் முழுவதையும் பாழாக்கிவிடும்.

தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, கணுக்கள் இல்லாமை. இரண்டாவது, நாரோட்டம் நேராக இருத்தல். சிறு துண்டு ஒன்றை உளியால் பிளந்து பார்த்தால் இது விளங்கும். பிளவு வளைந்து சென்றால் அம்மரம் முறுக்கு வளர்ச்சி உடையது, மேற்பலகைக்கு ஆகாது. மூன்றாவது, ஆரத்திசையில் அறுத்தல். பலகையின் முனையைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் தட்டையாகப் படுத்திராமல் செங்குத்தாக நிற்கவேண்டும். மரம் உலரும்போது வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்கும் அளவு, ஆரத்திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. வளையம் படுத்த பலகை கோணிப்போவது இதனாலேயே.

செய்முறை

மேற்பலகை, ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரு துண்டுகளைப் புத்தகம் விரிப்பது போல விரித்து, நடுவில் ஒட்டியது. இரு விளிம்புகளையும் நீண்ட இழைப்புளியால் இழைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது இடையில் ஒளிக்கீற்றுத் தெரியாதவாறு பொருத்தவேண்டும். ஒட்டுவதற்குப் பழைய வஜ்ஜிரமே இன்றும் சிறந்தது. பிற்காலத்தில் பழுதுபார்க்க நேர்ந்தால் நீராவியால் இளகச் செய்யலாம். தேவதாருவில் எண்ணெய்ப் பசை உண்டு. ஆகையால் இழைத்த அன்றே, மேற்பரப்பைச் சாராயத்தால் துடைத்துவிட்டு ஒட்டவேண்டும். இழைத்த பலகையை ஒரு வாரம் வைத்திருந்து ஒட்டினால் இணைப்பு விட்டுப்போகும்.

பின்னர்ப் பலகை 2.5 மி.மீ. அளவுக்கு மெலியச் செய்யப்படுகிறது. இங்கு அளவுகோலைவிடக் கையே நம்பத்தக்கது. குறுக்கில் பிடித்து வளைத்தும், ஓரத்தைப் பற்றிக்கொண்டு விரலால் தட்டிக் கேட்டும், மந்தமான ஓசை மறைந்து மணியோசை போன்ற நீட்சி எழும்வரை மெதுவாகச் சீவுவர். இரு மரங்கள் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவருடைய அளவை மற்றொருவர் அப்படியே பின்பற்றினால் பலகை மிகத் தடித்தோ மிக மெலிந்தோ போகும்.

நடுவே வட்டத் துளை இடப்படுகிறது. உட்புறத்தில் தோர்ரெஸ் முறைப்படி விசிறி வடிவில் ஏழு மெல்லிய தாங்குபட்டைகள் ஒட்டப்படுகின்றன. இவை ஏறக்குறைய நாரோட்டத்தின் திசையிலேயே செல்வதால், இழுவிசையைத் தாங்குவதுடன் பலகையின் சுருக்கத்துக்கும் இடையூறு செய்வதில்லை. தேவதாருவின் பாரத்தை ஈடுசெய்யப் பட்டைகளைச் சற்று ஒடுக்கமாகவும், பலகையின் ஓரங்களைச் சற்று மெலிவாகவும் அமைக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ஒலியில் பங்கு கொள்கிறது. குடத்தின் வாயில் ஊதினால் எழும் ஓசை போன்றே, கிதாரின் துளையும் உட்காற்றும் சேர்ந்து 100 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்கின்றன. தாழ்ந்த தந்திகளின் முழக்கத்துக்கு இதுவே காரணம்.

விலாப்பலகை வளைத்தல்

2 மி.மீ. தடிப்புள்ள விலாப்பலகையை இடுப்புப் பகுதியில் 60 மி.மீ. ஆரத்துக்கு வளைக்கவேண்டும். அப்போது வெளிப்புற நார் 1.7 சதவிகிதம் நீளவேண்டியிருக்கும். உலர்ந்த மரம் சுமார் 1 சதவிகித நீட்சியிலேயே முறிந்துவிடும். ஆனால் ஈரமான மரத்தைச் சுமார் 100 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கினால், நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் இளகுகிறது. நார்கள் ஒன்றன்மேல் ஒன்று சிறிது நழுவி இடங்கொடுக்கின்றன. ஆறியதும் புதிய வடிவிலேயே நிலைக்கின்றன.

மென்மரத்தில் இவ்வேலை எச்சரிக்கையாகச் செய்யவேண்டியது. ஆண்டு வளையத்தின் மெல்லிய பகுதி எளிதில் நசுங்கும். தடித்த பகுதி எதிர்த்து நிற்கும். இரண்டுக்கும் இடையே சிம்பு எழும். சூடேற்றிய உலோகக் குழாயின்மீது பலகையைப் பொருத்தி, வெளிப்புறத்தில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வளைத்தால் சிம்பு எழாமல் தடுக்கலாம். அவசரம் கூடாது. பலகை தானே தளர்வதைக் கை உணரும். அதற்குமுன் அழுத்தினால் ஒரு நாள் வேலை ஒரு நொடியில் முறிந்துபோகும். பிழைபோகும் என்று எதிர்பார்த்து, இரண்டு பலகை தேவைப்படும் இடத்தில் நான்கு அறுத்து வைத்துக்கொள்வது நன்று.

தண்டி, விரற்பலகை, குதிரை

மென்மரத்தால் தண்டி செய்தால் வளைந்துவிடும் என்பது பொதுவான அபிப்பிராயம். கணக்கு இதனை ஆதரிக்கவில்லை. தண்டிக்கு வழக்கமாக உபயோகிக்கும் மகோகனியின் விறைப்பும் தேவதாருவின் விறைப்பும் ஏறத்தாழச் சமமே. மேலும் விறைப்பு, தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, 22 மி.மீ. தண்டியை 24 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 30 சதவிகிதம் கூடும். உண்மையான அபாயம், தலைப்பகுதி சாய்ந்து திரும்பும் இடத்தில் நாரோட்டம் குறுக்கே அறுபட்டுப் பிளவதே. அவ்விடத்தில் ஒரே கட்டையில் செதுக்காமல், தலைப்பகுதியைத் தனியாக அறுத்துச் சாய்வாக இணைத்தால் நார் இரு பகுதிகளிலும் நெடுக்காகவே செல்லும்.

தந்திகள் நைலானாகவே இருத்தல் வேண்டும். ஆறு நைலான் தந்திகளின் மொத்த இழுவிசை சுமார் 40 கிலோகிராம் எடை. எஃகுத் தந்திகளாயின் 70 கிலோவையும் தாண்டும். 190 மி.மீ. நீளமும் 28 மி.மீ. அகலமும் உள்ள குதிரை, 53 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒட்டப்படுகிறது. சராசரியாகப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைந்த விசையே. ஆனால் தந்தி உயரத்திலிருந்து இழுப்பதால் குதிரையின் பின்விளிம்பு உரிந்து எழ முயல்கிறது. மென்மரத்தில் நாரே பெயர்ந்து வந்துவிடக்கூடும். எனவே குதிரையின் அடிப்பக்கத்தை மேற்பலகையின் வளைவுக்கு மிகத் துல்லியமாகப் பொருத்துதல் அவசியம்.

ஒரே மரம் என்ற கொள்கை மிகவும் சோதனைக்குள்ளாகும் இடம் விரற்பலகை. ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரத்தின் கடினம், ஈட்டியின் கடினத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. நகமும் தந்தியும் சில மாதங்களிலேயே அதில் பள்ளம் பறித்துவிடும். உத்தரத்திலுள்ள மிக நெருங்கிய வளையங்களும் பிசினும் நிறைந்த பகுதியை இதற்கென ஒதுக்கி, மேற்பரப்பில் நீர்த்த எபாக்ஸிப் பிசினை ஊறச்செய்து இறுக்கலாம். மெட்டுகளை உயரமானவையாக அமைப்பது மற்றொரு வழி. வீணையில் மெழுகின்மீது உயர்ந்து நிற்கும் மெட்டுகளை அழுத்தும்போது விரல் மரத்தைத் தொடுவதே இல்லை. அந்தத் தத்துவமே இங்கும் பயன்படும்.

மெட்டுகளின் இடத்தைக் கணக்கிட, எஞ்சிய தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817 ஆல் வகுக்கவேண்டும். 650 மி.மீ. தந்தி நீளத்துக்கு மேருவிலிருந்து முதல் மெட்டு 36.48 மி.மீ.; இரண்டாவது 70.91, ஐந்தாவது 163.05; ஏழாவது 216.18; பன்னிரண்டாவது சரியாக 325 மி.மீ. தொலைவில் அமையும். பழங்காலத்தில் 18 ஆல் வகுப்பதே வழக்கம். அவ்வாறு செய்தால் பன்னிரண்டாவது மெட்டு 2.4 மி.மீ. முன்னதாகவே விழுந்து, மேல் ஸ்தாயி சற்றுத் தாழ்ந்து ஒலிக்கும்.

மழைக்காலமும் கோடையும்

தஞ்சாவூரில் ஒரே பலாக் கட்டையில் குடைந்து செய்யும் வீணையை ஏகாண்ட வீணை என்பர். இணைப்புகள் இல்லாமையே அதன் சிறப்பு. ஒரே மரத்துக் கிதாருக்கும் இத்தகைய நன்மை ஓரளவு உண்டு. எல்லாப் பகுதிகளும் ஈரத்துக்கு ஒரே விதமாக இணங்குகின்றன. ஆனால் இதில் ஒரு தவறான எண்ணம் நேரலாம். மரம் ஒன்றாயினும் திசைகள் ஒன்றல்ல. மரம் நெடுக்கில் அநேகமாக நீளுவதோ சுருங்குவதோ இல்லை. குறுக்கிலேயே அந்த மாற்றம் நிகழ்கிறது.

காற்றின் ஈரப்பதம் 40 சதவிகிதமாக இருக்கும்போது மரத்தினுள் சுமார் 8 சதவிகித நீர் இருக்கும். மழைக்காலத்தில் மரத்தின் நீரளவு 14 சதவிகிதமாக உயரலாம். இத்தகைய மென்மரம் ஆரத்திசையில், ஒவ்வொரு சதவிகித நீருக்கும் சுமார் 0.14 சதவிகிதம் விரியும். 370 மி.மீ. அகலமுள்ள முதுகுப்பலகை இவ்வாறு 3 மி.மீ. விரிகிறது. அதன் குறுக்கே ஒட்டிய தாங்குபட்டையோ, தன் நெடுக்கில் விரிவதில்லை. மழைக்காலத்தில் பட்டை ஒட்டப்பட்டிருந்தால், கோடையில் பலகை சுருங்க முயலும். பட்டை அதனைத் தடுக்கும். பலகை நெடுகப் பிளந்துவிடும். ஓராண்டுக் காலம் உழைத்துச் செய்த கருவி, முதல் கோடையிலேயே ஒரு இரவில் வெடிப்பதன் காரணம் இதுவே.

ஆகவே பட்டைகளை வறண்ட நாட்களில், ஈரப்பதம் 45 சதவிகிதம் அளவில் இருக்கும்போது மட்டுமே ஒட்டுதல் வேண்டும். அவ்வாறு செய்தால் மழைக்காலத்தில் பலகை சற்று மேல்நோக்கி வீங்குமேயன்றிப் பிளவுபடாது. முதுகைத் தொடக்கத்திலேயே சிறிது குவிவாக அமைப்பதும் இக்காரணம் பற்றியே. காற்றின் ஈரப்பதத்தைக் கொண்டு இந்தியாவை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மர ஈரப்பதத்தை இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ளது. கதவுக்கும் மேஜைக்கும் உரிய அந்த விதி, கிதாருக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

மரத்தின் தரத்தை அளக்க விலையுயர்ந்த சாதனம் தேவையில்லை. 40 செ.மீ. நீளமும், 4 செ.மீ. அகலமும், 1 செ.மீ. தடிப்பும் உள்ள கணுவற்ற பட்டை ஒன்றை, நார் நெடுக்கில் செல்லுமாறு இழைத்துக்கொள்ளவேண்டும். இரு முனைகளிலிருந்தும் 9 செ.மீ. தொலைவில் மெல்லிய கயிற்றாலோ பஞ்சுத் துண்டாலோ தாங்கி வைக்கவேண்டும். பட்டை அதிரும்போது அவ்விரு இடங்களும் அசையாமல் நிற்பதால் ஓசை அடங்காது. நடுவில் பென்சிலின் ரப்பர் முனையால் தட்டி, கைப்பேசியிலுள்ள சுருதி காட்டும் செயலியில் அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். அந்த எண்ணை 15.56 ஆல் பெருக்கினால், மரத்தினுள் ஒலியின் வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, அதிர்வெண் 300 ஆனால் வேகம் சுமார் 4,670 மீட்டர். பட்டையின் கன அளவு 160 கன சென்டிமீட்டர். எடை 80 கிராம் என்றால் அடர்த்தி கன மீட்டருக்கு 500 கிலோகிராம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 9.3. இந்த ஓர் எண்ணைக் கொண்டு தேக்கு, பலா, சவுக்கு, பெட்டிப்பலகை ஆகிய எதனையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே பட்டையை ஒரு நாள் ஈரத்துணியில் சுற்றிவைத்து மீண்டும் எடையிட்டுத் தட்டினால், எடை கூடி, அதிர்வெண் குறைந்திருப்பது தெரியவரும். ஈரம் இசையை எவ்வாறு கெடுக்கிறது என்பதை இதைவிட எளிதாக விளக்க இயலாது.

காட்டு இலாகா ஊழியருக்கும் இது பயன்படும். விறகென்றும் பெட்டிப்பலகையென்றும் ஒதுக்கப்படும் மரத்தில், நேரான நாரும் நெருங்கிய வளையமும் உடைய ஒரு துண்டு அகப்படக்கூடும். அதனை ஓர் உளியால் பிளந்து, ஒருமுறை தட்டிப் பார்த்து, தனியே எடுத்து நிழலில் அடுக்கி வைப்பதற்கு அதிக நேரம் ஆகாது. பல ஆண்டுகள் உலர்ந்தபின் அது ஒரு கைவினைஞரிடம் சென்று சேருமானால், காட்டில் ஓர் ஈட்டி மரம் வெட்டப்படாமல் நிற்பதற்கு அதுவும் ஓர் உதவியாகும்.